வலிக்காத முட்டி

ஜூலை 14, ஞாயிறு. வெரோனா, இத்தாலி

முத்துமாரி துணை. வந்து சேர்ந்தோம்.

பெட்டிகள் பதினேழு, எண்ணி இறக்கியது நான். சைக்கிள் ஓட்ட வந்தவர்கள் பதினொரு பேர். பன்னிரண்டாவது ஆள் நான், பெட்டிகளோடு வேனில் வருகிறவள். சைக்கிள்களை இங்கேயே வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். பன்னிரண்டு சைக்கிள்கள் வரிசையாக நின்றன. "ஒண்ணு ஸ்பேர்" என்றார் கேப்டன். பட்டாளத்துக் கேப்டன் இல்லை, திருச்சியில் பல் டாக்டர். சைக்கிள் குரூப்புக்குத் தலைவர் என்பதால் எல்லோரும் அப்படிக் கூப்பிடுகிறார்கள்.

கல்லூரியில் பாடம் நடத்தும் ஹேமலதா என் கையைப் பிடித்து இழுத்தாள். "அக்கா, பன்னெண்டாவது சைக்கிள் உங்களையே பாத்துக்கிட்டு நிக்குது. ஏறிருங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். "அவளுக்கு முட்டி வலிம்மா. ஒம்பது வருஷமா. நானும் சொல்லிப் பாத்துட்டேன். முட்டியும் கேக்கல, அவளும் கேக்கல."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டுக் கணக்கு நோட்டையே கொண்டுவந்திருக்கிறேன். நாலாம் வகுப்போடு நின்றவள். பதினெட்டு வயதில் அறிவொளி வகுப்பில் மறுபடியும் எழுத்தைப் பிடித்தேன். பிடித்ததைத் தவறவிடக் கூடாது என்று தினமும் எழுதுகிறேன். இங்கே அவர் ஓட்டும் கிலோமீட்டரும் போடும் மாத்திரையும் கணக்கு.

மாத்திரை: காலை மூன்று, இரவு இரண்டு. நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரைச் சிமிழ் அவர் சட்டையின் பின்பையில். தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

ஜூலை 15, திங்கள். வெரோனா

ஊர் சுற்றிப் பார்க்கும் நாள். ரோமர்கள் கட்டிய வட்ட அரங்கம் பார்த்தோம். கல்லெல்லாம் ரோஜா நிறம். பிறகு மணிக்கூண்டு. முந்நூற்றுச் சொச்சம் படிகளை ஏறியே தீருவது என்று எல்லோரும் கிளம்பினார்கள். "நீ இங்கயே உக்காரு" என்று அவர் ஒரு நிழல் காட்டிவிட்டுப் போனார்.

முட்டி வலிக்காரி படி ஏற முடியுமா? உட்கார்ந்தேன்.

உட்கார்ந்திருந்த ஒன்றேகால் மணி நேரத்தில் சைக்கிளில் போன பெண்கள் நாற்பத்தொரு பேர். அதில் என்னைவிட மூத்தவர்கள் பதினாறு. ஒருத்திக்கு எழுபத்தைந்து இருக்கும். முன்கூடையில் கீரையும் நீளரொட்டியும். ஒரு கையை விட்டுக் கைக்குட்டை எடுத்து மூக்கைச் சிந்தியபடி போனாள். கூடையில் பாரம் இருக்கும்போது ஒரு கையை விடுவது லேசில்லை. இடுப்பில் பிடிமானம் வேண்டும்.

மேலேயிருந்து அவர்கள் கையசைத்திருக்கிறார்கள். எந்தப் புள்ளி அவர் என்று தெரியாமல் பொதுவாகக் கையசைத்தேன்.

திடீரென்று தூறல் வந்தது. பக்கத்துக் கோயில் படிகளில் ஓடி ஏறிவிட்டேன். ஏறி முடித்த பிறகுதான் முட்டி நினைவுக்கு வந்தது. யாரும் பார்க்கவில்லை. உள்ளே மாதா பார்த்திருப்பாள். அவளும் ஆத்தாதான், சொல்லமாட்டாள்.

ஜூலை 16, செவ்வாய். மாந்துவா

வெரோனாவுக்குப் பக்கத்து ஏரிக்கரை ஒன்றிலிருந்து ஆற்றோரமாகவே ஓட்டி வந்தார்கள். 43 கி.மீ. நான் நெடுஞ்சாலை வழியாக. வேன் ஓட்டுவது இவானா என்ற அம்மாள். அறுபது வயது, குட்டை முடி, வெயிலில் சுட்ட கைகள். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இத்தாலி பாஷை தெரியாது. காலையில் நான் கொடுத்த முறுக்கை டாஷ்போர்டில் வைத்து ஒவ்வொரு சிக்னலிலும் ஒரு கடி கடித்தாள். எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான்.

சாப்பாட்டுக்குப் பரங்கிக்காய்ப் பூரணம் வைத்த கொழுக்கட்டை மாதிரி ஒன்று. இனிப்பா காரமா என்று அதற்கே தெரியவில்லை. எலுமிச்சைச் சாதம் கட்டியிருந்தேன், அதைத்தான் எல்லோரும் சண்டை போட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள்.

அவர் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். "பழைய தண்ணி மில்லு ஒண்ணு இருந்துச்சு, கேளு அழகு. சக்கரம் இன்னும் சுத்துது. ஒரு கொக்கு, இந்தா, நம்ம மேசை ஒசரம். நீ பாத்திருக்கணும்." நாங்கள் வந்த சாலையில் லாரிகள்தான்.

சாயங்காலம் ஹேமலதா தைலத்தோடு வந்தாள். "எந்த முட்டிக்கா?"

"வலது."

"வெரோனால எடதுன்னீங்க?"

"அது வெரோனால."

அவள் மடியில் என் காலைப் போட்டு முக்கால் மணி நேரம் தேய்த்தாள். தங்கமான பெண். வலிக்காத முட்டியில் தைலம் எரிந்தது. வேண்டியதுதான் எனக்கு.

ஜூலை 17, புதன். ஆடி முதல் நாள்

இந்த ஊரைச் சுற்றி ஏரி. ஏரியில் தாமரை. இத்தனை தூரம் வந்து தாமரையைப் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. ஏக்கர் ஏக்கராக, வாழையிலை அகல இலைகளோடு, நம் ரோஜாப்பூ நிறத்தில். கன்னத்தில் போட்டுக்கொண்டேன். நார்த்தாமலை முத்துமாரி கோயிலில் இன்று மாவிளக்குக் கூட்டம் இருக்கும்.

அவர்கள் ஏரியைச் சுற்றி ஓட்டப் போயிருக்கிறார்கள். கரையில் தனியாக இருக்கிறேன். தாமரை முன்னால் இருக்கும்போது பொய்யை நோட்டில் வளர்த்துக்கொண்டு போக மனசு வரவில்லை. வேண்டுதலை வாயால் சொன்னால் பலிக்காது என்பார்கள். எழுதினால் என்ன ஆகும் என்று யாரும் சொன்னதில்லை.

என் முட்டிக்கு ஒன்றுமில்லை.

புதுக்கோட்டையில் அறிவொளிக் காலத்தில் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். ஊர்ப் பெண்களெல்லாம் வாடகைச் சைக்கிளில் விழுந்து எழுந்தோம். பார் வைத்த ஆண்பிள்ளைச் சைக்கிள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மிதிப்போம். நான் மூன்றாம் நாளே திருமயம் ரோட்டில் கையை விட்டு ஓட்டினேன். கல்யாணத்துக்குப் பிறகும் விடவில்லை. மார்க்கெட், நூலகம், கோயில், மகளின் பள்ளிக்கூடம் எல்லாம் சைக்கிள்தான். அவர் மின்வாரியத்திலிருந்து வரும்போது, "எங்க உங்கம்மா? சக்கரம் கட்டிக்கிட்டுப் போயிட்டாளா?" என்பார்.

ஒன்பது வருஷத்துக்கு முன் அவருக்கு மாரடைப்பு. காசிக்குப் போகிறவர்கள் பிடித்த காய் ஒன்றை, கனி ஒன்றை அங்கேயே விட்டுவிட்டு வருவார்கள். எனக்குக் காசி ஆஸ்பத்திரி வராந்தாதான். ஆத்தா, இவரை விடு, நான் சைக்கிளை விடுகிறேன் என்றேன். மறுநாள் கண் விழித்தார்.

ஆறு மாதம் கழித்து டாக்டர் சொன்னார்: "சைக்கிள் ஓட்டுங்க சார், இதயத்துக்கு நல்லது."

ஆத்தா கணக்கை எப்படி எழுதுகிறாள் பாருங்கள். என் பக்கத்தில் கழித்ததை அவர் பக்கத்தில் கூட்டிவிட்டாள். குறையில்லை. நான் மறுபடி மிதித்தால் அவர் பக்கம் என்னாகும் என்பது மட்டும்தான் பயம்.

ஜூலை 18, வியாழன். போ நதிக்கரை

52 கி.மீ. வெயில். நதிக்குப் பெயரே போ. "வான்னு ஒரு ஆறு இருந்தா அங்க போயிருக்கலாம், ஏத்தம் கம்மியா இருக்கும்" என்றார் கேப்டன். என் வீட்டுக்காரர் இரவுச் சாப்பாட்டில் பாதி வைத்துவிட்டார். களைப்பு என்றார்.

நாளை ஆடி முதல் வெள்ளி. குங்குமச் சிமிழையும் விளக்கையும் எடுத்து வைத்தேன்.

ஜூலை 19, வெள்ளி

6 கி.மீ. நான்.

ஜூலை 20, சனி. பெராரா

ஆஸ்பத்திரித் தோட்டத்துப் பெஞ்சு. உள்ளே அவரைப் பரிசோதிக்கிறார்கள். பக்கத்தில் இவானா சிகரெட் பிடிக்கிறாள். நேற்று நடந்ததை எழுதிவைக்கிறேன்.

என்னிடம் இரண்டு வெள்ளிச் சிமிழ்கள். மகள் கல்யாணத்தில் ஜோடியாக வாங்கியவை, அச்சு ஒன்று. ஒன்றில் நார்த்தாமலைக் குங்குமம், மற்றதில் அவருடைய அவசர மாத்திரை. வெள்ளிக்கிழமை காலை பூஜைக்கு இரண்டையும் ஜன்னலோரம் வைத்திருந்தேன். மாத்திரையும் சாமி முன்னால் இருக்கட்டுமே என்றுதான். கற்பூரம் காட்டி, அவர் நெற்றியில் திருநீறு பூசி, சிமிழை எடுத்துப் பின்பையில் போட்டேன். ஒன்பது வருஷமாகத் தொட்டுப் பார்க்கிறவள், நேற்று திறந்து பார்க்கவில்லை.

பத்தரை மணிக்கு ஒரு சின்ன ஊரில் வேன் நின்றது. இவானா காபிக்குப் போனாள். வியர்வையில் பொட்டு கலைந்திருந்தது. குங்குமம் வைக்கலாம் என்று சிமிழைத் திறந்தேன். உள்ளே வெள்ளை மாத்திரைகள்.

அவருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. கேப்டனுக்குப் போட்டேன்.

"அண்ணி, அண்ணன் எங்ககூட இல்ல. பம்பு ஹவுஸ் ஒண்ணு வந்துச்சு, அங்க நெழல்ல ஒக்காந்துட்டு வர்றேன்னாரு. லேசா நெஞ்சு கரிக்குதாம். அசிடிட்டிதான், பயப்படாதீங்க. நாங்க பாலம் தாண்டிட்டோம், திரும்பி வரணும்னா ஒரு மணி நேரமாவது ஆகும்."

நெஞ்சு கரிக்குது. இந்த வார்த்தையை நான் ஒரு தடவை கேட்டிருக்கிறேன்.

இவானாவை இழுத்து வந்து, கேப்டன் அனுப்பிய இடத்தை வரைபடத்தில் காட்டினேன். பம்பு ஹவுஸ் நதிக்கரை மேட்டில், ஆறு கிலோமீட்டர். மேட்டில் வண்டி ஏறாது, குறுக்குக் கம்பி போட்டிருக்கிறது. கார் பாதை வயல்களைச் சுற்றி இருபத்திரண்டு. வேனை ஓட்டத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவள் வேனைப் பார்த்தாள், பின்னால் கட்டியிருந்த பன்னிரண்டாவது சைக்கிளைப் பார்த்தாள். தலையை ஆட்டிக்கொண்டு தன் முட்டியைத் தட்டி, வலிப்பதுபோல் முகத்தைச் சுளித்துக் காட்டினாள்.

"என் முட்டிக்கு ஒண்ணுமில்ல தாயி. ஒரு நாளும் ஒண்ணுமில்ல" என்றேன். ஒன்பது வருஷத்தில் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னது அவளிடம்தான். தமிழ் தெரியாதவளிடம்.

சைக்கிளை இறக்கினோம். நடுவில் பார். புடவையை இழுத்துச் செருகினேன். சிமிழை ரவிக்கைக்குள் வைத்தேன். தூக்கிய கால் ஒரு நொடி நின்றது. ஆத்தா, கணக்கை அப்புறம் பாத்துக்கலாம், இப்ப வழிய விடு என்று சொல்லிவிட்டு ஏறினேன்.

கியர் என்ற சாமான் எனக்குத் தெரியாது. இருந்த பல்லிலேயே மிதித்தேன். முதல் கிலோமீட்டர் சாக்கடைக் குழாய்போல மூச்சு இரைந்தது. ஒரு பக்கம் சோளம், ஒரு பக்கம் நதி, நடுவில் மேடு. யாருமில்லை. பிறகு உடம்பு தானாக நினைவுபடுத்திக்கொண்டது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். அவருக்கு என்ன ஆனதோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கும்போதே, இரண்டாவது கிலோமீட்டரில் காற்று வந்து முகத்தில் பட்டது. அதற்கு ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன்.

பம்பு ஹவுஸ் சுவரில் சாய்ந்திருந்தார். சட்டை நனைந்து, உதடு வெளுத்து. கையில் திறந்த சிமிழ், விரலெல்லாம் குங்குமம். நெஞ்சிலும் சிவப்பு. ஒரு நொடி எனக்கு உலகம் நின்றது.

மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்தேன். கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பத்து நிமிஷத்தில் உதட்டுக்கு நிறம் வந்தது. கண் திறந்து என்னைப் பார்த்தார். சாய்த்துப் போட்டிருந்த சைக்கிளைப் பார்த்தார். சுற்றிலும் வேன் எங்கே என்று பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"முட்டி?" என்றார்.

அவர் விரலில் இருந்த குங்குமத்தை முந்தானையால் துடைத்தேன்.

வயல் பக்கமாக இவானா வேனோடு வந்து சேர்ந்தாள். ஆஸ்பத்திரி வரும்வரை அவர் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

டாக்டர் பெண் இப்போதுதான் வந்து சொன்னாள், போனில் மொழிபெயர்த்து. மாரடைப்பு இல்லை. வெயிலும் களைப்பும் சேர்ந்து வந்த நெஞ்சுவலி. இன்று ஒரு நாள் இங்கே. ஊர் திரும்பும்வரை சைக்கிள் கூடாது.

ஜூலை 21, ஞாயிறு. பெராரா

காலையில் வெளியே விட்டுவிட்டார்கள். குரூப்பெல்லாம் பெட்டிகளை வேறொரு வேனில் ஏற்றிவிட்டுக் கடலோரம் நோக்கி மேலே போகிறது. நாங்கள் இரண்டு பேரும் இவானாவும் இங்கே தங்குகிறோம். ஹேமலதா அழுதுவிட்டு, தைலப் புட்டியை என் பையில் திணித்துவிட்டுப் போனாள்.

விடுதி முற்றத்தில் ஒரு அத்திமரம். அதன் கீழே உட்கார்ந்தோம். பிறகு அவர்தான் ஆரம்பித்தார்.

"எங்கூடச் சுத்தப் பிடிக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல அழகு."

"என்னங்க இது."

"புது சைக்கிள் வாங்கி வச்சேன். எட்டு வருஷம். பிளாஸ்டிக் காயிதத்தக்கூட நீ பிரிக்கல. முட்டி, முட்டின்ன. சரி, மனுசனோட வரப் பிடிக்கல, மூஞ்சிக்கு நேரா சொல்ல முடியல, அதான் முட்டின்னு நெனச்சுக்கிட்டேன். அதுக்கப்புறந்தான் குரூப்புல போய்ச் சேந்தேன். தனியா ஓட்டி என்ன பண்ண?"

அவர் என்னை விட்டுவிட்டு முன்னால் போகிறார் என்றுதான் நான் ஒன்பது வருஷமும் நினைத்திருந்தேன்.

வேண்டுதல்தான் உடைந்துவிட்டதே, இனி வாயை மூடி என்ன காப்பாற்ற? சொன்னேன். வராந்தா, ஆத்தா, சைக்கிள், எல்லாம். அவர் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அடிப்பாவி. பாகக்காய விடுறேன்னு சொல்லிருக்கலாம்ல? ஒனக்குத்தான் அது ஆகாதே."

"பிடிக்காதத விட்டா ஆத்தா எடுத்துக்குவாளா?"

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இன்னொன்று பாக்கி இருந்தது. இந்த நோட்டிலும் எழுதாதது.

"அன்னைக்குக் காலைல நெஞ்சு கரிக்குது, மோர் குடுன்னு கேட்டீங்க. மோரக் கலக்கிக் குடுத்துட்டு நான் சைக்கிள எடுத்துக்கிட்டு நூலகத்துக்குப் போயிட்டேன். காத்து நல்லா இருந்துச்சுன்னு கொளத்த ஒரு சுத்து சுத்திட்டு வந்தேன். வந்தா பக்கத்து வீட்டுக்காரங்க ஒங்கள ஆட்டோல ஏத்துறாங்க. அந்த ஒரு சுத்து சுத்தாம வந்திருந்தா..."

அவர் கீழே விழுந்திருந்த அத்திக்காயைக் காலால் உருட்டிக்கொண்டிருந்தார்.

"மோர் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

பிறகு, "நான் வேணா விட்டுர்றேன் சைக்கிள. ஒனக்குப் பதிலா" என்றார்.

"ஒரு வீட்டுக்கு ஒரு ஆள் விட்டது போதும்."

ஜூலை 22, திங்கள். பெராரா

இந்த ஊரைச் சுற்றி ஒன்பது கிலோமீட்டருக்குப் பழைய மதில். அதையொட்டி மண் மேடு, மேலே மரங்கள், மரங்களுக்கு நடுவே சைக்கிள் பாதை. காலை ஏழு மணிக்கு இவானா அந்தப் பன்னிரண்டாவது சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினாள். சீட்டை என் உயரத்துக்கு இறக்கியிருந்தாள். பெஞ்சில் அவரை உட்கார வைத்தேன். தண்ணீர் புட்டி ஒரு பக்கம், இரண்டு சிமிழும் சட்டைப்பையில். குங்குமச் சிமிழின் மூடிமேல் ஒரு சிவப்புப் பொட்டு வைத்திருக்கிறேன். நேற்றே செய்துவிட்டேன்.

"இங்கயே இருக்கணும். எந்திரிக்கக் கூடாது."

"சரிங்க டீச்சர்" என்றார்.

முதல் பாதி நன்றாக இருந்தது. ஒரு கிழவர் நாயோடு நின்று வழிவிட்டார். சந்தைக்குப் போகிற பெண்கள் மணியடித்துத் தாண்டிப் போனார்கள். அந்த நாற்பத்தொரு பேரோடு நாற்பத்திரண்டாவதாக நானும் போய்க்கொண்டிருந்தேன்.

மறுபாதியில் பயம் பிடித்துக்கொண்டது. ஊருக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். அன்றைக்கும் இப்படித்தான் ஒரு சுற்று. காற்று அன்றைக்கும் நல்லாத்தான் இருந்தது. ஆத்தா, பாக்கியை என்னிடம் கேள், அவரிடம் கேட்காதே என்று சொல்லிக்கொண்டே மிதித்தேன்.  கையை விட்டு ஓட்டத் தோன்றவில்லை. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தேன்.

கடைசி வளைவு திரும்பினேன். பெஞ்சு தெரிந்தது. காலி. தண்ணீர் புட்டி மட்டும் இருந்தது.

எனக்குப் பிரேக் மறந்துவிட்டது. பெஞ்சைத் தாண்டி ஓடியது சைக்கிள். அப்போது பாதையின் நடுவிலிருந்து குரல் வந்தது. "முப்பத்தெட்டு நிமிஷம்! நிறுத்தாத அழகு, நிறுத்தாத!"

நூறடி தள்ளிக் கைக்கடிகாரத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

நிறுத்தினேன். இறங்கி நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், வியர்வை இல்லை. கையைப் பிடித்துப் பார்த்தேன். சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன்.

"பெஞ்சுல இருங்கன்னு சொன்னேன்ல?"

"பெஞ்சுல இருந்தா மரம் மறைக்குது. நீ வர்றது தெரியல." கொஞ்சம் நிறுத்தி, "ஒம்பது வருஷமா நீ வர்றியான்னு பின்னாடி திரும்பித் திரும்பிப் பாத்தவன். இன்னைக்கு முன்னாடியிருந்து பாத்தேன்" என்றார்.

ஊருக்குப் போனதும் முதலில் நார்த்தாமலை, இரண்டு பேரும் போய் எதை விடுவது என்று ஆத்தாவிடமே கேட்டுக்கொள்ளலாம் என்று முடிவு. அதுவரை ஓட்டலாமா என்று கேட்டேன். "அதான் ஓட்டிட்டியே" என்றார். இன்னொரு சுற்று போய்வந்தேன். இந்தத் தடவையும் அவர் பெஞ்சில் உட்காரவில்லை.

கணக்கு. அவர்: சைக்கிள் இல்லை. மாத்திரை காலை மூன்று, இரவு இரண்டு. அவசர மாத்திரை தேவைப்படவில்லை. நான்: 18 கி.மீ.

ஹேமலதா கொடுத்த தைலத்தைத் தேடி எடுத்தேன். வலது முட்டி வலிக்கிறது.